இருபத்தேழாவது நொடி

"செத்தவன் பேசியிருக்கான்," என்றார் தயாரிப்பாளர். "அதுவும் புதுசா!"

கொசுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், எங்க போர்டுல துப்பறியும் நிலையம்னுதான் போட்டிருக்கோம். பேய் ஓட்டுறவங்க அடுத்த தெரு."

மேசைக்கு அடியில் அக்காவின் செருப்பு அவன் பாதத்தில் ஒரு மிதி மிதித்தது. கொசு பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நாற்பதை எட்டப்போகிற வயது, சட்டைப் பித்தானோடு தினமும் சண்டை போடுகிற தொப்பை. அக்கா அவனுக்கு முதலாளி. இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவள். அந்த வேலை போனதும் இந்த வேலைக்கு வந்தாள். மற்ற துப்பறிவாளர்கள் பூதக்கண்ணாடி எடுக்கிற இடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு எல்லாமே காதுதான்.

தயாரிப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஆளுயரப் போஸ்டர். சாம்பல் நிற முகமூடி, இடுப்பில் கடிகாரம் பதித்த பெல்ட். 'நேத்துக்காரன்'. புதன்கிழமை மாலை ஏழு மணிக்குத் தெருவையே டிவி முன்னால் உட்கார வைக்கிற தொடர். அவன் நினைத்தால் நேற்றைக்குப் போவான், போன வருஷத்துக்குப் போவான். ஒரே ஒரு கட்டுப்பாடு. போன இடத்தில் முப்பது நொடிதான் நிற்க முடியும்.

"நேத்து ராத்திரி போனது பதினாலாவது எபிசோடு. கடைசிக் காட்சியப் பாருங்க."

டிவியில் நேத்துக்காரன் ஒரு பூட்டிய கதவின் முன்னால் நின்றான். பல வருஷம் முன்னால் நண்பனோடு சண்டை போட்டுப் பிரிந்த நாளுக்குத் திரும்பிப் போயிருக்கிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான். தட்டவில்லை. பெல்ட்டில் நொடிகள் ஓடுகின்றன. அப்போது முகமூடிக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு. பிறகு குரல்:

"கோபம் போதும். வீட்டுக்கு வா."

"இந்த வசனம் ஸ்கிரிப்ட்லயே கிடையாது!" தயாரிப்பாளர் மேசையில் குத்தினார். "ஒரு வார்த்தை பேசாம முப்பது நொடி முடிஞ்சு மறைஞ்சு போகணும். அந்த மௌனத்தை வச்சு அடுத்த பத்து எபிசோடு எழுதி வச்சிருக்கு. இப்போ சமாதானமாப் போயிட்டா நான் எதை எடுக்கிறது? கல்யாண வீடியோவா?"

"குரல் யாருது சார்?" அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"அதுதான் விஷயமே. முகமூடி போட்ட நடிகர் வேற, குரல் குடுக்கிறவர் வேற. அந்தக் குரல்காரர் செத்துப் பதினோரு நாள் ஆச்சு. பதிமூணாவது எபிசோடுக்குப் பேசிட்டு வெளியே போனார், முக்குல லாரி அடிச்சிருச்சு. பதினாலாவதுக்குப் பேசவே இல்ல. ஏற்கனவே எடுத்து வச்ச எபிசோடு, அதனால ஹீரோ வசனத்தை எல்லாம் தூக்கிட்டு மௌனமாவே விட்டோம். இன்னும் வெளியே யாருக்கும் தெரியாது."

"அப்ப இது?"

"வேற யாரையோ அதே மாதிரி பேச வச்சு ஒட்டியிருக்காங்க. கடைசியா காப்பியப் பாத்துக் கையெழுத்துப் போட்டது எடிட்டர் அம்மா. அஞ்சு மணிக்கு அவங்க கைக்கு வேலைநீக்கக் கடிதம் போகும். கூடவே எல்லா ஸ்டூடியோவுக்கும் ஒரு நகல். அப்புறம் இந்தத் தொழில்ல அவங்களை வாசல் கூட்டக்கூட யாரும் சேர்க்க மாட்டாங்க. எனக்கு வேண்டியது ஆதாரம். கூட்டாளி யாருன்னும் தெரியணும்."

"அந்தம்மா இல்லேன்னா?"

"அஞ்சு மணிக்குள்ள வேற ஆள் வந்து ஒத்துக்கிட்டா கடிதத்தைக் கிழிக்கிறேன்."

அக்கா அந்த ஆறு நொடியை இன்னும் நான்கு தரம் போடச் சொன்னாள். நான்காவது தடவை கொசு தாங்காமல் சிரித்துவிட்டான்.

"என்னடா?"

"இல்லக்கா, வீட்டுக்குக் கூப்பிடுற லட்சணமா இது? 'வீட்டுக்கு' வரைக்கும் தேனா வருது. அந்த 'வா' இருக்கே, குஸ்திக்குக் கூப்பிடுறான்."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "திரும்பச் சொல்லு."

"குஸ்திக்கு..."

"ம். சம்பளத்துக்கு இன்னைக்கு உழைச்சுட்ட. எந்திரி."

*

மணி ஒன்றரை. வராந்தாவில் டீ மெஷின் பக்கத்தில் புதுக்குரல் நின்றிருந்தார். செத்தவருக்குப் பதிலாகத் திங்கட்கிழமை முதல் பேசப்போகிற மிமிக்ரிக்காரர். ஒல்லி உடம்பு. அந்த உடம்புக்குள்ளிருந்து நேத்துக்காரனின் கம்பீரமான குரல் வந்தது. "சர்க்கரை கம்மியா."

"ஐயய்யோ, காலத்தைக் கடந்து வந்து டீ கேக்குறார்க்கா," என்றான் கொசு.

புதுக்குரல் வெட்கப்பட்டுச் சொந்தக் குரலுக்கு இறங்கினார். அது எலி கீச்சிடுகிற மாதிரி இருந்தது. "நான் பேசியிருந்தா ஊர் பூரா தண்டோரா போட்டிருப்பேனே மேடம். சத்தியமா நான் இல்ல. நேத்து எபிசோடு முடிஞ்சதும் நானும் அதைப் பேசிப் பாத்தேன். வார்த்தை வருது. மூச்சு வரல."

"எந்த மூச்சு?"

"முதல்ல ஒரு மூச்சு இழுக்கிறாரே, அது. பதிமூணு எபிசோடையும் நான் தலைகீழா மனப்பாடம் பண்ணியிருக்கேன். சண்டை மூச்சு, ஓடுற மூச்சு, அழுகை மூச்சு எல்லாம் தெரியும். இந்த மூச்சை அவர் எங்கேயும் விட்டதில்ல."

அக்கா தலையை ஆட்டினாள். "நானும் அதைத்தான் நினைச்சேன். நடிக்கிறவன் மூச்சு மாதிரி இல்ல."

*

எடிட்டர் அறையில் இரண்டு திரைகள், ஒரு நாற்காலி, மேசை ஓரத்தில் காய்ச்சல் மருந்துப் பாட்டில். எடிட்டர் முப்பது வயதுப் பெண். கண்ணிமை வீங்கியிருந்தது.

"என் மேல தப்பு இருக்கு மேடம். ஆனா அந்தத் தப்பு இல்ல. செவ்வாய்க்கிழமை முழு எபிசோடையும் பாத்தேன். கடைசியில மௌனமாத்தான் இருந்துச்சு. புதன் மத்தியானம் சவுண்ட் ரூம்ல இருந்து வால்யூம் திருத்தம்னு இன்னொரு காப்பி வந்துச்சு. அதே நேரம் ஸ்கூல்ல இருந்து போன், பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குதுன்னு. ஓட்டிப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு ஓடினேன்."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பாக்காம போட்டேன்னு நானே சொன்னதுதான் அவருக்குக் காதுல விழுந்துச்சு."

"சவுண்ட் ரூம்ல யாரு?"

"அண்ணன் ஒருத்தர்தான். ஆனா அவரா இருக்காது மேடம்." எடிட்டர் குரலைத் தாழ்த்தினாள். "குரல்காரருக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. பதிமூணு எபிசோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். 'ரெடி', 'ஒன் மோர்', 'ஓகே', அவ்வளவுதான் பேச்சு. டீ வந்தாக்கூட ஒருத்தர் உள்ளே இருந்தா ஒருத்தர் வெளியே. செத்த செய்தி வந்தன்னைக்கு நாங்க எல்லாம் அழுதுட்டிருக்கோம், அண்ணன் பாட்டுக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு வேலை பாக்குறார். சாவுக்கும் போகல. அவர் போய் இவர் குரலைத் தொட்டு வேலை செய்வாரா?"

வெளியே வந்ததும் கொசு கையை விரித்தான். "போச்சு. ஆசை இருக்கிறவனுக்குத் திறமை இல்ல, திறமை இருக்கிறவனுக்கு ஆசை இல்ல. பேயையே கைது பண்ணிடலாமா?"

"மூச்சு விட்டிருக்குல்ல?" என்றாள் அக்கா. "அப்ப பேய் இல்ல. வா."

*

சவுண்ட் ரூமின் கதவு கனமானது. உள்ளே போனதும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆனது. நடுவில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் பட்டன்கள் நிறைந்த மேசை. அந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு குறிப்புப் பலகை, ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர்.

சவுண்ட்காரருக்கு ஐம்பது இருக்கும். மெலிந்த முகம், மூன்று நாள் தாடி. அக்கா கேள்வியைத் தொடங்கும் முன்பே ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"பதிமூணு நாள் ரெக்கார்டிங்கும் இதுல இருக்கு. கேளுங்க."

"நாங்க கேக்கவே இல்லையே?"

அவர் பதில் சொல்ல மூச்சை இழுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அக்காவின் தலை லேசாகச் சாய்ந்ததைக் கொசு கவனித்தான். வேட்டை நாய் காதைத் தூக்குகிற மாதிரி.

முதல் எபிசோடு ஓடியது. மொட்டை மாடியில் வில்லனோடு சண்டை. "வா!" என்று உறுமினான் நேத்துக்காரன்.

கொசு நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தான். "அக்கா, குஸ்தி! அதே 'வா'! பல்லைப் பிடுங்கிட்டுப் போட்டிருக்காங்க!"

அதற்கப்புறம் வேலை சுலபமாகப் போயிற்று. மூன்றாவது எபிசோடில் ஒரு நீதிபதியிடம் "கோபம்". ஆறாவதில் அடிபட்டு விழுந்தபோது "போதும்". ஒன்பதாவதில் தொலைந்துபோன பெண் குழந்தையிடம் "வீட்டுக்கு". அந்த வார்த்தைதான் தேன். நான்கு வார்த்தையை நான்கு நாளிலிருந்து வெட்டி, தைத்த தடம் தெரியாமல் தைத்திருந்தார்கள்.

"செத்தவர் புதுசா ஒண்ணும் பேசல," என்றாள் அக்கா. "பழசைத்தான் பேசியிருக்கார். மூச்சு மட்டும்தான் இன்னும் கிடைக்கல. ஒவ்வொரு நாள் கடைசியிலயும் சும்மா ஓடுதே, அது என்ன?"

சவுண்ட்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரூம் சைலன்ஸ். பேசி முடிச்சதும் முப்பது நொடி அசையாம நிக்கணும். வெறும் அறையோட சத்தத்தை எடுத்து வச்சுக்குவோம். வெட்டி ஒட்டுற இடத்துல அதைப் போட்டாத்தான் ஒட்டு தெரியாது."

"முப்பது நொடி வாயை மூடிக்கிட்டு நிக்கச் சம்பளமா?" என்றான் கொசு. "என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா இன்னைக்கே என்னை இங்க கொண்டாந்து சேர்த்துருவா."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு மௌனத்தையும் கேட்டாள். கொசுவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பொழுது போகாமல் கைக்கடிகாரத்தில் எண்ண ஆரம்பித்தான். முப்பது. அடுத்தது, முப்பது. மனுஷன் கத்தரித்த மாதிரி நிறுத்துகிறார். பன்னிரண்டு நாளும் முப்பது. ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை.

பதிமூன்றாவது நாள். இருபத்தைந்து, இருபத்தாறு. மைக்கில் ஒரு மூச்சு. மெதுவாக, நீளமாக, மூக்கு வழியே உள்ளே போய், நுனியில் தொண்டையில் தட்டி நின்றது. உடனே கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துக் குரல் வறட்சியாக, "போதும்."

ரெக்கார்டிங் முடிந்துவிட்டது.

"இருபத்தேழு," என்றான் கொசு. "அக்கா, இதுல மூணு நொடி கம்மி."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்தப்ப ஒரு விஷயம் புரிஞ்சுச்சு," என்றாள், பட்டன்களைப் பார்த்தபடி. "ஹலோ சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பாங்க. அதுலயே தெரிஞ்சுரும். ஒரே வீட்டுல, ஒரே பாயில படுத்து வளர்ந்தவங்க ஒரே மாதிரி எடுப்பாங்க. குரல் மாறும், அது மாறாது. நான் உள்ளே வந்ததும் நீங்க ஒரு மூச்சு எடுத்தீங்க. நுனியில தட்டி நின்னுச்சு." நிறுத்தினாள். "அவர் உங்களுக்கு என்ன வேணும்ங்க?"

சவுண்ட்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பச்சை டம்ளரைப் பார்த்தார்.

"தம்பி," என்றார்.

கொசு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"ஒன்பது வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் ஒரே மைக்குக்கு வந்தோம். குரல் தேர்வு. நான்தான் அவனுக்குப் பேசவே கத்துக்குடுத்தேன். அவனை எடுத்துக்கிட்டாங்க. என்னை, வேணும்னா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வேலை இருக்குன்னாங்க. வீட்டுக்கு வந்து சொன்னேன். இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாதுடான்னு. அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்." தாடியைத் தேய்த்துக்கொண்டார். "கடைசியில பாருங்க, பதிமூணு எபிசோடு ஹெட்போன் வழியா என் காதுக்குள்ளயே இருந்தான். வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசல. நான் சொன்னதை அப்படியே காப்பாத்தினான் பாவி."

"இங்க வேலை பாக்குறது நீங்கன்னு தெரிஞ்சா வந்தார்?"

"இந்த ஸ்டூடியோதான் வேணும்னு கேட்டு வாங்கினானாம். அவன் போனப்புறம் ஆபீஸ்ல யாரோ பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு." ஹார்ட் டிஸ்க்கை விரலால் தொட்டார். "அன்னைக்கு அசையாம நிக்க வேண்டிய நேரத்துல, கண்ணாடி வழியா என்னையே பாத்தான். மூச்சை இழுத்தான். ஏதோ சொல்ல வர்றான்னு தெரிஞ்சுச்சு. அதான் நிறுத்தினேன். எந்திரிச்சு வெளியே போனான். முக்கு வரைக்கும்தான் போனான்."

"அண்ணே..." என்றான் கொசு. அவனுக்கே தெரியாமல் அந்த வார்த்தை வந்துவிட்டது.

"என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது தம்பி. திட்டக்கூட வந்திருக்கலாம். நானா ஒண்ணு வச்சுக்கிட்டேன். அந்த மூச்சுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டேன். வெறும் குரலாக் கேக்க முடியல, ஒரு முகம் வேணும்னு பதினாலாவது எபிசோடு மேல போட்டுப் பாத்தேன். ஒரு கதவு, எதிர்ல ஒருத்தன். ராத்திரி பகலா அதையே கேட்டேன். புதன்கிழமை வால்யூம் திருத்தம் அனுப்புறப்போ அந்தக் குரல் டிராக்கை அணைக்க மறந்துட்டேன். ஒன்பது வருஷ வேலையில இப்படி ஒரு தப்பு பண்ணதில்ல. வீட்டுல சாப்பிட உக்காந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு டிவியில..." அவர் முடிக்கவில்லை. மறுபடி தொடங்கினார். "வெளியே இருந்து கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு. எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்துட்டேன்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து.

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணுக்குக் கடிதம் குடுக்கப் போறாங்க."

"தெரியும். காலையில இருந்து போய்ச் சொல்லணும்னுதான் இருக்கேன். சொன்னா இதை வாங்கி அழிச்சிருவாங்க. கம்பெனி சொத்து. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு..." டிஸ்க்கை அக்கா பக்கம் நகர்த்தினார். "தப்புதான்."

"அக்கா," கொசு கிசுகிசுத்தான். "டிஸ்க் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிரலாம். என் பை பெரிய பை."

சவுண்ட்காரர் தலையை ஆட்டினார். "வேண்டாம் தம்பி. ஏற்கனவே ஒரு பொய் அந்தப் பொண்ணு தலையில உக்காந்திருக்கு. எழுதிக் குடுக்க எனக்கு வராது மேடம். மைக்ல சொல்லிடுறேன். நீங்க எடுத்துக்குங்க."

*

நாலு ஐம்பதுக்குக் கொசு அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சிவப்புப் பட்டன் ரெக்கார்டிங். சதுரப் பட்டன் நிறுத்த. அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்கள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிகிற வரைக்கும் முதலாளியே ஆனாலும் உள்ளே வரக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட்காரர் போய் நின்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மைக் இன்னும் தம்பியின் உயரத்தில் இருந்தது. தம்பி உயரம். அவர் மைக்கை இறக்கவில்லை. குதிகாலைத் தூக்கி, முகத்தை உயர்த்திக்கொண்டார்.

"எடிட்டர் அம்மா மேல தப்பு இல்ல. அந்தக் குரலை வெட்டி ஒட்டினது நான். அணைக்க மறந்ததும் நான். அவங்க நம்பிக் கையெழுத்துப் போட்டாங்க. அவங்களை விட்டுடுங்க." நல்ல குரல். கொசுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது நேத்துக்காரனின் குரலுக்கு அண்ணன் குரல்.

பிறகு, கை பழகிப்போன ஆள் என்பதால், அவரே சொன்னார். "ரூம் சைலன்ஸ். முப்பது நொடி."

கதவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் தயாரிப்பாளரின் முகம் தெரிந்தது. கையில் கடித உறை. பின்னால் எடிட்டர், புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு. தயாரிப்பாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள்: இருங்க.

கொசு எண்ணினான். பத்து. இருபது. அவனுடைய ஆள்காட்டி விரல் சதுரப் பட்டன் மேல் இருந்தது. இருபத்தைந்து. இருபத்தாறு.

ஹெட்போனில் ஒரு மூச்சு. மெதுவாக, நீளமாக, நுனியில் தட்டி நின்றது. இறந்தவன் எடுத்த அதே மூச்சு.

"வர்றேன்டா," என்றார் அண்ணன்.

அப்புறம் அவர் அசையவில்லை. குதிகால் தூக்கியபடி, தலையைச் சாய்த்து, இந்தப் பக்கத்திலிருந்து யாராவது 'ஓகே' சொல்வார்கள் என்று காத்திருந்தார். முப்பது ஆயிற்று. நாற்பது ஆயிற்று. தயாரிப்பாளர் கதவுக் கண்ணாடியைத் தட்டினார். அந்த அறைக்குள் அது கேட்காது. அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

பிறந்ததிலிருந்து வாயை மூடியறியாத கொசு, பட்டன் மேலிருந்து விரலை எடுத்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.